பதினேழாம் மேசையின் பொம்மை

பதினேழாம் எண்ணின் பொம்மை ஜாடியோடு தரையில் உட்கார்ந்ததும் நடுவர்கள் மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அதுவரை அறையில் சிரிப்புத்தான். மாணவர் அனிமேஷன் போட்டியை ஆறு வருடமாக நடத்துகிறேன். இந்த வருடம்போல் சிரித்ததில்லை. இருபது பேருக்கும் கணினியில் ஒரே பொம்மை, ஒரே ஜாடி, நான்கு மணி நேரம். மூடி இறுகிப்போன அந்த ஜாடியைப் பொம்மை திறக்க வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

பொம்மைகள் படாத பாடு பட்டன. ஒன்று ஜாடியோடு மல்லுக்கட்டிக் குப்புற விழுந்தது. இன்னொன்று முட்டி போட்டு ஜாடியிடம் கெஞ்சியது.

பதினேழு கெஞ்சவில்லை. சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது. ஜாடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று தோளுக்கு மேலாக ஒரு முறை பார்த்துக்கொண்டது. பிறகு இடது கையால் மூடியைத் திருகித் திறந்து, அதைத் தொடை மேல் வைத்துக்கொண்டது.

வலது கை கடைசிவரை அசையவே இல்லை.

தலைமை நடுவர் மறுபடி போடச் சொன்னார். முப்பது வருடம் அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை பார்த்த அம்மா அவர். எதையும் இரண்டாம் தடவை பார்க்கிற பழக்கம் கிடையாது. மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

நான் எழுந்து ஹாலுக்குப் போய்ப் பதினேழாம் மேசைக் கணினியைத் திறந்து பார்த்தேன். பொம்மையின் வலது கை தோளிலிருந்தே பூட்டப்பட்டிருந்தது. எப்படி இழுத்தாலும் வராது.

காரியத்தைக் கெடுத்தவன் நான்தான். காலையில் ஹால் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கணினி மட்டும் சண்டித்தனம் செய்வதாகச் சொன்னார்கள். ஓடிப்போய் என் பென் டிரைவிலிருந்து பொம்மையை ஏற்றினேன். அவசரத்தில் போட்டிப் பொம்மைக்குப் பதிலாக என் வீட்டுப் பொம்மையை ஏற்றித் தொலைத்திருக்கிறேன். எனக்கென்று செய்து வைத்திருப்பது அது. மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை.

எல்லோருக்கும் ஒரே பொம்மை என்பது முதல் விதி. மீறினால் படைப்பு தள்ளுபடி. அதை எழுதிய மகானும் நான்தான். முதல் இரண்டு இடத்துக்கு ஸ்டூடியோவில் ஒரு வருடப் பயிற்சி. யாரோ பெற்ற பெண்ணின் அந்த ஒரு வருடத்தை என் அவசரம் விழுங்கப் பார்த்தது.

பூசி மெழுகியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுகிற துணிச்சல் எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்கு மட்டும் கூடுதலா கிடைச்சிடக் கூடாதுன்னுதானே விதி? இவளுக்குக் குறைச்சலா இல்ல குடுத்திருக்கீங்க. வேற பொம்மையும் நேரமும் வேணுமான்னு அவளையே கேளுங்க."

அவள் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

"கை பூட்டியிருந்ததைப் பார்த்தேன் சார். இதுதான் கேள்வி போலன்னு நெனச்சுக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "காலைல நீங்க பிளாஸ்க் திறந்ததையும் பார்த்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வேற பொம்மை வேணாம்."

காலையில் நான் சுவர்ப்பக்கமாகத் திரும்பித்தான் உட்கார்ந்தேன். பிளாஸ்கை முழங்கால்களுக்கு நடுவேதான் இடுக்கினேன். பைக்கிலிருந்து விழுந்த நாளிலிருந்து, பதினொரு வருடமாக, என் வலது கை தோளிலிருந்து சும்மா தொங்குகிறது.

பார்க்கிறவர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதுதான் பெரிய உபகாரம் என்று நானும் நினைத்திருந்தேன்.

பொம்மையின் கையைப் பூட்டியவன் நான்தான். அதை என்னைப்போல் நடமாட வைக்க ஆறு மாதமாக முட்டி மோதுகிறேன்; ஒரு நாளும் அதில் நான் வந்ததில்லை. மூடியைத் தொடை மேல் வைப்பேன் என்பதே எனக்குத் தெரியாது. இவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. நன்றிம்மா என்றேன். இரண்டாம் தடவையும் சொன்னேன்.

முதல் இடம் ஜாடியிடம் கெஞ்சிய பொம்மைக்குப் போனது. அது கெஞ்சியது அப்படி. இரண்டாம் இடம் பதினேழுக்கு. மூன்று நடுவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடே வரவில்லை. நான் மதிப்பெண் தாளைத் தொடவும் இல்லை.

முடிவை அறிவிக்க மேடைக்குப் போனபோது தொண்டை வறண்டிருந்தது. எதிரே இருபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவர்களும் இருந்தார்கள். மைக்குக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, பிளாஸ்கை முழங்கால்களுக்கு நடுவே வைத்தேன்.

திருகினேன். மூடி தானாகவே தொடை மேல் போய் உட்கார்ந்தது.