விரல் காட்டும் மாதம்

"அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்கறீங்களா?"

வளைகாப்பன்று கோகிலவாணி கேட்டது. தம்பி பெண்டாட்டி. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அண்ணிக்காரி கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. பிள்ளையில்லை என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுப்போனவள். தம்பி வீட்டில் ஒண்டியிருப்பவள்.

தள்ளி நின்றாள்.

பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் கோகிலவாணி பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். அப்போது யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

பால் புகட்டினாள். பீத்துணி அலசினாள். குழந்தை தவழ்ந்ததை, கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றதை முதலில் பார்த்தவள் அவள்தான். பொழுது சாய்ந்து அலுத்துப்போய் வருகிறவளிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

"நிக்கறானாங்க அண்ணி?"

"இன்னும் இல்ல."

பத்தாம் மாதம் விரல் நீட்டத் தொடங்கியது.

ஃபேன் எங்க? மேலே. பல்லி எங்க? சுவரில். முருகன் எங்க? காலண்டரில்.

அம்மா எங்க?

கதவைச் சாத்திக்கொண்டு இதைக் கேட்டாள். அந்தச் சின்ன விரலைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். பிறகு பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. முதல் பிறந்தநாளுக்கு மொட்டை எங்கே அடிப்பது என்று பேச கோகிலவாணியின் அம்மா வந்திருந்தாள். பாயில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழந்தை.

அவள் டீ டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"எங்க கோகிலா இந்த வயசுல ஓடியே போவா. இவன் என்னதான் பண்றான்?" என்ற பாட்டிக்காரி, குழந்தையின் தாடையைத் தொட்டாள். "அம்மா எங்க சாமி? அம்மாவக் காட்டு."

உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

விரல் ஒரு சுற்றுச் சுற்றியது. அவளைப் பார்த்து நின்றது.

பாட்டிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "அட, அத்தைக்காரி மருந்து வெச்சுட்டா போல இருக்குதே!"

"நாள் பூரா அக்காகூடத்தான கெடக்கறான். வேற யாரக் காட்டுவான்?" என்றான் தம்பி.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வளைகாப்பிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு.

கோகிலவாணி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில், தன் முகம் பார்க்க உட்கார வைத்தாள்.

"அப்ப, அத்தை எங்க கண்ணு?"

அவள் டம்ளர்களோடு ஓரடி முன்னால் வந்தாள்.

"டீ ஆறுது" என்றாள் அவள்.

யாரும் திரும்பவில்லை.

குழந்தைக்குத் தெரிந்த கேள்விதான். கம்பெனி வேனில் ஏறுகிறவளை ஜன்னல் வழியே காட்டிக் காட்டி, காலைதோறும் அவள் சொல்லிக்கொடுத்தது. அது கையை உயர்த்தியது. பெற்றவளின் மூக்கின்மேல் விரலை வைத்தது.

சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் தானே கை தட்டிக்கொண்டது.

சிரிப்பு நின்றது. பாட்டிக்காரி மகளைப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்த்தான்.

"அக்கா?"

அவள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. சொல்லவும் பிடிக்கவில்லை.

கோகிலவாணி எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

தோளுக்கு மேலாக அது அவளைப் பார்த்தது. இரண்டு கைகளையும் நீட்டியது. அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிராத வாய், உதடு குவித்து, திறந்தது.

கோகிலவாணி அந்தத் தலையைப் பிடித்து, முகத்தைத் தன் கழுத்தோடு புதைத்துக்கொண்டாள்.

செருப்பைக்கூடத் தேடவில்லை. படியிறங்கிப் போனாள்.