அம்மா பார்த்த படங்கள்

“இனிமே அவ வண்டியில ஏறினே, காலை ஒடிச்சுடுவேன்!”

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, கத்தியை நீட்டியபடியே சொன்னாள்.

ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியிருந்த மகள் அப்படியே நின்றாள். கீழே தெருவில் ஹாரன் சத்தம். லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் தோழியின் ஸ்கூட்டர். மகளை அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இறக்கிவிட்டுத்தான் அவள் தன் வேலைக்குப் போவாள். இந்த வீட்டைப் பொறுத்தவரை அவள் ‘கூடப் படிச்சவ’. அதற்கு மேல் அவள் யார் என்பதைப் பற்றி மகள் இதுவரை வாயே திறந்ததில்லை.

“ஏம்மா திடீர்னு?”

“அவ பார்க்கிற வேலையும் எனக்குப் பிடிக்கல. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறதெல்லாம் ஒரு வேலையா? வேற ஏதாவது தேடச் சொல்லு.”

“அவ வேலை உன்னை என்னம்மா பண்ணுது?”

“மொட்டை மாடிக்கும் ரெண்டு பேரும் போகக் கூடாது. அன்னைக்குச் சுவர்மேல உட்கார்ந்திருந்தீங்களே, பார்த்தேன்.”

மகளுக்குத் திக்கென்றது. அன்று அவள் தலை மெக்கானிக்கின் தோளில் சாய்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் போக்கே மாறியது. சாயங்காலம் மகள் வீட்டுக்குள் நுழைந்தால் டி.வி.யில் இரண்டு பெண்கள் கைகோத்து நிற்பார்கள். அம்மா பட்டென்று அணைத்துவிடுவாள். கண் சிவந்திருக்கும். மறுநாள் வேறு படம், வேறு இரண்டு பெண்கள், அதே சிவந்த கண்.

டாக்டர் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பவள் அம்மா. டி.வி. சொன்னால் வேதவாக்கு. பேய்ப் படம் பார்த்துவிட்டு ஒரு மாதம் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்தவள். இவளிடம் அந்தப் படங்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லித் தொலைத்தனவோ!

இனி மறைப்பதில் பயனில்லை. மகள் செருப்பைக் கழற்றினாள்.

“சுத்தி வளைக்காதேம்மா. நீ நினைக்கிறது சரிதான். அவ எனக்கு வெறும் சிநேகிதி இல்ல. அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது.”

“அதான் மாடியிலேயே தெரிஞ்சுபோச்சே.”

“அப்புறம் ஏன் எங்களைப் பிரிக்கப் பார்க்கிறே?”

“யாருடி பிரிச்சா?” அம்மாவின் குரல் உடைந்தது. “உங்களை மாதிரிப் பிள்ளைங்களைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம்னு ஒவ்வொரு படமாப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தி வண்டியோட லாரியில போய் மோதறா. ஒருத்தி மாடியிலேர்ந்து விழறா. நல்லா இருந்தவளுக்கு திடீர்னு ரத்த வாந்தி! பாவிங்க, ஒரு படத்துலகூட ரெண்டு பேரையும் உசுரோட விடலடி!”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

“பல்லெல்லாம் போன கிழவிங்களாகி, எந்தச் சேனல் வைக்கிறதுன்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கணும்” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள் அம்மா. “போ, அந்தப் பிள்ளையை மேல கூப்பிடு. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் பஸ்ல போங்க!”