விளக்குமாற்று வழக்கு

சட்டக் கல்லூரி மாணவி ஜெசிந்தா இலவச சட்ட உதவி மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வழக்கைப் படிப்பது, வாதாடுவது எல்லாம் மையத்தின் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே பார்த்துக்கொள்ளும். கட்சிக்காரரிடம் சம்மதக் கைரேகை வாங்குவது மட்டும்தான் அவள் வேலை.

அன்று முத்துப்பேச்சி என்ற பெண் வந்தாள். பொட்டலம் கொண்டுவந்த ட்ரோனை விளக்குமாற்றால் அடித்து நொறுக்கிவிட்டாள் என்று வழக்கு. ட்ரோனின் கேமராவே சாட்சி. ஒப்புக்கொண்டால் ஒரு மாதச் சிறையோடு போய்விடும் என்றது இயந்திரம். முத்துப்பேச்சி விரலை நீட்டாமல் அழுதாள்.

"எதுக்குக்கா அடிச்சீங்க?" என்று ஜெசிந்தா கேட்டுவிட்டாள்.

"வாசல்ல தொட்டில்ல பிள்ள தூங்குச்சும்மா. அது மேலயே இறங்க வந்துச்சு. இத யாருமே கேக்கலையே!"

தனக்கு நேர் கீழே இருந்த தொட்டில் கேமராவுக்குத் தெரிந்திருக்கவில்லை. நீதிபதியே நேரில் விசாரிக்க வேண்டும் என்று ஜெசிந்தா மனுப் போட்டாள். வெகுகாலம் பூட்டிக் கிடந்த விசாரணை அறையைத் திறந்து தூசி தட்டினார்கள். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டு, தொட்டில் கட்டிய இடத்தையும் போய்ப் பார்த்து, வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

மறுநாள் காலை மைய வாசலில் கூட்டம்.

"இங்க ஒரு பொண்ணு, என்ன நடந்துச்சுன்னு கேக்குதாமே?" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

ஜெசிந்தா சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கய்யா, சொல்லுங்க."