நத்தை வீடு பார்த்த விதம்

படிக்க வந்த அணிலும் நத்தையும் ஒரு மூட்டை கடலையை அட்வான்ஸாகக் கொடுத்து, பெருச்சாளியின் வளையில் ஒன்றாகக் குடியேறின. முதல் நாள் முழுக்க நத்தை பளபளக்கும் தடம் விட்டபடி சுவர் சுவராக ஊர்ந்து பார்த்தது.

"வீடு பார்க்க உனக்கு ஒரு நாளா?" என்று அணில் சிரித்தது.

"சுவரெல்லாம் கோடு போட்டுட்டியே!" என்று பெருச்சாளி திட்டியது.

படிப்பு முடிந்து காலி செய்யும்போது, "சுவர்ல விரிசல் விழ வச்சிருக்கீங்க. கடலை கிடையாது" என்றது பெருச்சாளி. அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

நத்தை நிதானமாகச் சொன்னது: "அண்ணே, நீங்க முதல் நாள் திட்டின கோடு இதுதான். விரிசலுக்குள்ள இறங்கி ஏறிப் போகுது பாருங்க."

பெருச்சாளி மூட்டையை எடுத்து வந்தது.

புது வீட்டு வாசலில் அணில் நத்தைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

"நீங்க முதல்ல போங்கக்கா. மெதுவாவே போங்க."