பாய் கடை மாதிரியே ஒரு வெப்சைட்

"மக்பூல் கடை எதுங்க? வெப்சைட்ல பார்த்துட்டு வர்றோம்."

பெங்களூர்க் காரிலிருந்து இறங்கியவர் இதைக் கேட்டது, மக்பூல் கடைச் சுவரை ஒட்டியே செருப்புக் கடை வைத்திருக்கும் கோதண்டபாணியிடம். கை காட்டி அனுப்பினார். ஆனால் வயிறு பற்றிக்கொண்டது.

ஆம்பூரில் பதினெட்டு வருஷமாக இரண்டு செருப்புக் கடைக்கும் நடுவே ஒரே சுவர். பொறாமைக்கு அது தாராளம்.

அன்றைக்கே செல்போனில் தேடிப் பிடித்தார். வெப்சைட் வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். முகப்பில் பளபளவென்று கடை, நடுவில் மக்பூல் அகமதுவின் சிரித்த முகம். அதற்குக் கீழே பார்க்க மனசு வரவில்லை. மூடிவிட்டார்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பார்த்தியா?" என்று மனைவி விஜயகுமாரியிடம் பொருமினார். "என் டிசைனைப் பார்த்துப் பார்த்துக் காப்பியடிச்சவன். வெளியூர் கிராக்கியெல்லாம் இப்ப அவனுக்கே போவுது."

"உங்களுக்கும்தான் வெளியூர் போன் ஜாஸ்தியா வருதே?"

உண்மைதான். சர்க்கரை நோயாளிகளுக்கென்று அவர் செய்யும் மெத்தென்ற செருப்பு அந்தத் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் இந்த ஒரு வருஷமாக போன் போட்டு, கால் அளவு சொல்லி, தேடி வந்து வாங்கிப் போகிறார்கள்.

"அது என் கைராசிடி. வெப்சைட் இல்லாமலே என் பேரு பரவுது," என்றார். "அதுக்காக, அவன்கிட்ட இருக்கிறது நம்மகிட்ட இல்லன்னா எப்படி?"

மறுநாள் மக்பூல் வழக்கம்போல டீ வாங்கிக்கொண்டு வந்தார். வெப்சைட் ஆரம்பிக்கப் போவதாகக் கோதண்டபாணி விறைப்பாகச் சொன்னார்.

"ஆரம்பி கோதண்டம், சுலபம்தான். நான் கூட உக்காந்து சொல்லித் தரட்டா?"

"வேணாம் பாய். எனக்கே தெரியும்."

தெரியாது. யூடியூபைப் பார்த்து, இலவசமாக வெப்சைட் செய்து தரும் ஆப் ஒன்றில் சேர்ந்தார். கலர் கேட்டது. மக்பூல் வைத்திருந்த அதே பச்சையைத் தொட்டார். படம் கேட்டது. கடையைப் படம் பிடித்து ஏற்றினார். நடுவில் தன் முகம், கொஞ்சம் பெரிதாகவே.

அப்புறம், 'உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்கள்' என்று ஒரு காலிக் கட்டம் வந்து நின்றது. செருப்பு தைக்கிற கைக்கு அது மட்டும் வரவில்லை. ஒரு வரி எழுதுவார், அழிப்பார்.

கடைசியில் மக்பூலின் வெப்சைட்டைத் திறந்தார். மேலிருந்து கீழ் வரை மொத்தமாக எடுத்துக் கட்டத்தில் ஒட்டினார். முதல் வரியில் மக்பூல் பேரை நீக்கித் தன் பேரைப் போட்டார், அதன் கீழே நம்பரையும் மாற்றினார். படித்துப் பார்க்கவெல்லாம் பொறுமை இல்லை. மனைவியைக் கூப்பிட்டு போனை நீட்டினார்.

"படி. சத்தமா படி."

"ஆம்பூர் கோதண்டபாணி காலணிகள். சுத்தமான தோலில், கையால் தைத்தவை…"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கீழே தள்ளிக்கொண்டே போன விஜயகுமாரி சட்டென்று நிறுத்தினாள்.

"இன்னாங்க இது?"

"இன்னா? படியேன்."

அவள் மெதுவாகப் படித்தாள்.

"சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு எங்களிடம் இல்லை. அதற்குப் பக்கத்துக் கடை கோதண்டபாணியைக் கேளுங்கள். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்."

அதன் கீழே, மக்பூலே போட்டிருந்தபடி, ஒரு வருஷமாக ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் அவருடைய போன் நம்பர் இருந்தது.