உடையாத ஓடு

அவள் குழாயை நூலாகத் திறந்தாள்.

வேகமாகத் திறந்தால் வடிகட்டியில் இருப்பது தெறித்துப் போகும்.

பழைய டீ வடிகட்டி. கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். தப்பித் தவறி அடுப்படிக்குப் போய்விடக் கூடாது.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே கட்டிலில் படுத்தபடி அவள் கணவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். மறுமுனையில் அவளுடைய அண்ணன்.

"மாத்திரை கேக்குதுவே மச்சான். உம்ம மக கல்யாணத்துக்கு வராம இருப்பமா? பஸ்ஸுல ரெண்டு சீட்டு போட்டு வையும்."

தண்ணீர் ஓடியது. எல்லாம் கரைந்து போனது.

அது மட்டும் தங்கியது.

புளியங்கொட்டை அளவு. பழுப்பு நிறம். முந்தாநாள் வெந்நீரோடு அவன் கையில் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே.

மஞ்சளின் சத்தை உள்ளே அடைத்த மாத்திரை. இரைப்பையில் கரையாது. எல்லாவற்றையும் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய், புண் இருக்கும் இடத்தில்தான் திறந்துகொள்ளும். டாக்டர் ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். கடைசி வளைவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

"இதுக்கும் கேக்கலைன்னா குடலை எடுத்துரணும். வயித்துல ஒரு பை வைப்போம். வேற வழி இல்ல."

அவன் சிரித்தான்.

"பையைத் தூக்கிட்டு அலைய நான் என்ன தபால்காரனா சார்?"

டாக்டரும் சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"ஆப்பரேசனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்ட்டி. என்ன ஆனாலும் சரி."

மலத்தை வடிகட்டிப் பார்க்கச் சொன்னது நர்ஸ். வெறும் ஓடு வந்தா பயப்படாதீங்கக்கா, மருந்து எறங்கிருச்சுன்னு அர்த்தம். மருந்தோட முழுசா வந்தா மட்டும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க.

போன வாரம் ஒரு ஓடு வந்தது. தொட்டதும் அமுங்கியது. காலி. கழுவி அவனிடம் காட்டினாள். அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

இது அமுங்கவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். கழுவக் கழுவப் புதிதாகிக்கொண்டே வந்தது.

வாடை எதுவும் இல்லை. அவளுக்கு வாடை தெரிவது எப்போதோ நின்றுவிட்டது.

"ஏட்டி கோமு, உள்ள என்ன தங்கமா சலிக்க?"

"இந்தா வாரேன்."

"ஓடுதானே?"

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள்.

ஓடு கீறல் விட்டது. உள்ளே இருந்தது பொடியாக அவள் உள்ளங்கையில் கொட்டியது.

அவ்வளவு மஞ்சள்.

ஈரம்கூடப் பட்டிருக்கவில்லை. அவனுக்குள் முழுவதும் நடந்து வந்திருக்கிறது. எங்கேயும் நிற்கவில்லை.

உள்ளங்கை ஈரத்தில் அது மெல்லக் குழைந்தது.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. குழாயை மூடினாள்.

சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய மஞ்சள் கிழங்கு கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் குளித்ததும் உரசித் தாலிக்கயிற்றில் பூசுவாள். அவன் படுத்ததிலிருந்து பூசவில்லை. கிழங்கு காய்ந்து வெடித்திருந்தது.

இன்று வெள்ளி.

ரவிக்கைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே எடுத்தாள். வெளுத்துப் போயிருந்தது.

பூசினாள்.

கழுத்துப் பக்கத்திலிருந்து முடிச்சு வரைக்கும். முடிச்சுக்கு அடியிலும். உள்ளங்கையில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

கயிறு உடனே வாங்கிக்கொண்டது.

ஓட்டை மட்டும் இன்னொரு முறை அலசினாள். இப்போது அது தொட்டதும் அமுங்கியது.

கதவைத் திறந்தாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினான். அவள் ஓட்டை அதில் வைத்தாள்.

"பாத்தியா, நான்தான் சொன்னேன்லா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

கீறலைப் பார்த்தான்.

பிறகு அவளுடைய கட்டைவிரலை. நகக்கண் முழுவதும் மஞ்சள்.

பிறகு கயிற்றை.

போனில் அவள் அண்ணன் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். இரைச்சலாக வெளியே கேட்டது.

"டீ போடட்டா?" என்றாள்.

அவன் ஓட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். உருண்டு விழுந்துவிடாதபடி, மெதுவாக.

"மச்சான்" என்றான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "சீட்டு ஒண்ணு போதும்வே. கோமு வருவா."