எங்கும் நிற்காத ரயில்

"நாகுமோவைப் பாத்துக் கத்துக்கங்கப்பா!" காலைக் கூட்டத்தில் மேலாளர் இகராஷியின் குரல் கணீரென்றது. "நீங்கல்லாம் விரைவு ரயில்ல வந்தும் லேட்டு. இவரு ஸ்டேஷன் ஸ்டேஷனா நிக்கிற ரயில்ல வந்து உங்களுக்கு முன்னாடி உக்காந்திருக்காரு!"

நாகுமோவுக்குக் காது மடல் எரிந்தது.

"விடியறதுக்குள்ளயே கெளம்பிடுவாராமே?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"வழியில ஃபைல் படிக்கத்தான்! என்ன நாகுமோ, சரிதானே?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நாற்பது வயது ஆண்பிள்ளை இதையா சபையில் சொல்வது?

"ஆமாங்க" என்றார்.

இகராஷி ஒரு உறையை நீட்டினார். "உழைப்புக்குப் பரிசு! இனிமே டோக்கியோ வரைக்கும் எங்கயும் நிக்காத ரயில். சொகுசா உக்காந்து வாங்க. வருஷம் பூரா பாஸ்!"

கைதட்டல் எழுந்தது.

அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. இன்று காலை மட்டும் மூன்று ஸ்டேஷன்களில் இறங்கிக் கழிப்பறைக்கு ஓடியிருந்தார் நாகுமோ.

"வயித்துல ஒண்ணுமில்ல. ஆபீஸை நினைச்சுப் பயந்து சாகறீங்களே, அதுதான் வியாதி. யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க" என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

உறையை இரு கைகளாலும் வாங்கி, வயிற்றோடு அழுத்திக்கொண்டு குனிந்தார். நிமிர முடியவில்லை.

"பாத்தீங்களா, என்ன பணிவு!" என்று நெகிழ்ந்துபோனார் இகராஷி.